கவளம் கவளமாக: வருமானவரி செலுத்தும் வழிகள்

நுழையும்முன்

ஈட்டும் வருவாயில் ஒரு பங்கை நாட்டிற்கு அளிப்பது குடிமக்களின் கடமை. அக்கடமையை எப்போது, எவ்வழியில், என்ன சான்றோடு நிறைவேற்றுவது என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. அதனால் சிலர் தேவையின்றி வட்டி கட்டுகின்றனர். சிலர் செலுத்திய பணத்திற்கே கணக்குக் காட்ட இயலாமல் தவிக்கின்றனர். சிலர் ஏமாற்றுவோரிடம் பொருளை இழக்கின்றனர். தனிமனிதர் ஒருவர் தம் வருமானவரியைச் செலுத்தும் வழிகளைக் காரைக்கால் மண்ணில் நின்று விளக்குகிறது இப்பாடம்.

யானையும் வயலும்

சங்கப் புலவர் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை எடுத்துரைத்த பாடல் புறநானூற்றில் 184 ஆவதாக இடம்பெற்றுள்ளது. சிறு நிலத்து நெல்லேயானாலும் அதனை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்துவந்தால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்துவிட்டால், வயல் எவ்வளவு பரந்ததாயினும், அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதியாகும். வரி கொள்ளும் அரசன் இதனை உணர வேண்டும் என்பது புலவரின் அறிவுரை.

அரசனுக்குக் கூறிய இக்கருத்து வரி செலுத்துவோர்க்கும் பொருந்துகிறது. ஓராண்டு வரியை ஒரே நாளில் திரட்டிக் கட்ட முனையும் குடும்பம், சேமிப்பைக் கரைக்கவோ கடன் வாங்கவோ நேரிடும். அவ்வரியையே ஆண்டு முழுவதும் சிறு பகுதிகளாகச் செலுத்தினால் சுமை தெரிவதில்லை. இந்திய வருமானவரி முறை இவ்வாறு பகுத்துச் செலுத்துவதையே எதிர்பார்க்கிறது. அதற்கு அது மூன்று வாய்ப்புகளைத் தருகிறது: வருவாய் கைக்கு வரும்போதே பிடித்தம், ஆண்டின் இடையே முன்வரி, ஆண்டு முடிந்தபின் எஞ்சியதைக் கட்டும் தன்மதிப்பீட்டு வரி.

காரைக்காலும் வருமானவரியும்

இந்தியாவில் வருமானவரியை முதன்முதலில் 1860 ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் அறிமுகம் செய்தார். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் ஆங்கிலேய அரசுக்கு ஏற்பட்ட நிதி நெருக்கடியே அதற்குக் காரணம். அக்காலத்தில் காரைக்கால் ஆங்கிலேயர் ஆட்சியில் இல்லை. 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமான இப்பகுதி, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அதன்பின் 1963 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஒன்றின் வாயிலாக, இந்திய வருமானவரிச் சட்டம் அன்றைய பாண்டிச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 1963 ஏப்ரல் 1 முதல் விரிவுபடுத்தப்பட்டது. சுற்றியுள்ள தஞ்சைப் பகுதியினர் நூறாண்டுக்கு மேலாக அறிந்திருந்த இவ்வரி, காரைக்கால் மக்களுக்கு அன்றுதான் அறிமுகமாயிற்று.

வருமானவரி நடுவண் அரசின் வரியாகும். ஆதலால், அரசலாற்றின் கரையில் கட்டினாலும் தில்லியில் கட்டினாலும் விதி ஒன்றே. இவ்வரியின் ஒரு பகுதி நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. பதினைந்தாவது நிதி ஆணையம் 41 விழுக்காட்டைப் பரிந்துரைத்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியாக இருப்பதால் அப்பகிர்வில் இடம்பெறுவதில்லை. நடுவண் அரசின் நிதியுதவியாகவே அதற்குப் பணம் வருகிறது.

யார் வரி செலுத்த வேண்டும்?

வருமானம் உள்ளோர் அனைவரும் வரி செலுத்த வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டிற்கான புதிய வரிமுறையில் முதல் 4 இலட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 4 இலட்சத்திற்கும் 5, 10, 15, 20, 25 விழுக்காடு என வீதம் உயர்கிறது. 24 இலட்சத்திற்கு மேற்பட்ட பகுதிக்கு 30 விழுக்காடு. வரிக்குரிய வருமானம் 12 இலட்சத்திற்கு மிகாதவர்க்குத் தள்ளுபடி உண்டு. ஆதலால், அவர்களுடைய வழக்கமான வருமானத்திற்கு வரி ஏதும் எஞ்சுவதில்லை. மாத ஊதியம் பெறுவோர்க்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் கிடைக்கிறது. கணக்கிட்ட வரியின்மீது சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்காக 4 விழுக்காடு கூடுதல் தீர்வை சேர்க்கப்படுகிறது. பல்வேறு கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

காவிரிக் கடைமடையில் நெல் விளைவிப்போரின் வேளாண் வருமானத்திற்கு நடுவண் அரசின் வருமானவரி இல்லை. ஆயினும், வேறு வருமானமும் உள்ளவர் தம் வேளாண் வருமானத்தை அறிக்கையில் காட்ட வேண்டும். ஏனைய வருமானத்திற்குரிய வரிவீதத்தைக் கணக்கிட அது எடுத்துக்கொள்ளப்படலாம். கடலில் மீன்பிடித்து ஈட்டும் வருவாய் வேளாண் வருமானம் ஆகாது. விசைப்படகு உரிமையாளர், வணிகம் செய்வோரைப் போலவே தம் ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும்.

முதல் வாய்ப்பு: வருவாயிலேயே பிடித்தம்

அரசுப் பள்ளி ஆசிரியருக்கோ மருத்துவமனைச் செவிலியருக்கோ ஊதியம் வழங்கும் அலுவலகமே ஆண்டு வரியைக் கணித்து, மாதந்தோறும் பிடித்து, அரசுக் கணக்கில் செலுத்திவிடுகிறது. வங்கியும் இவ்வாறே செய்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கி ஓராண்டில் ஒருவருக்குத் தரும் வட்டி 50,000 ரூபாயை மிஞ்சினால் 10 விழுக்காடு பிடிக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு இவ்வரம்பு ஒரு இலட்சம் ரூபாய். பான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணைத் தராதவரிடம் 20 விழுக்காடு பிடிக்கப்படும்.

இங்கு இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, பிடித்தம் செய்யப்பட்டது என்பதாலேயே வரி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று கருதலாகாது. வங்கி 10 விழுக்காடு பிடித்திருக்கும்போது, அவ்வட்டியைப் பெற்றவருக்குரிய வீதம் 20 விழுக்காடாக இருக்கலாம். மீதியை அவரே கட்ட வேண்டும். இரண்டாவது, வரி செலுத்தும் அளவிற்கு வருமானமே இல்லாதவரிடமும் பிடித்தம் நிகழலாம். ஓய்வுபெற்ற ஒருவர் வாழ்நாள் சேமிப்பை வைப்புத்தொகையாக வைத்திருந்து, ஆண்டு வரி ஏதும் வராது எனக் கணித்தால், ஆண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் உறுதிமொழிப் படிவம் அளித்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். அவ்வாறு செய்யாமல் பிடித்தம் நிகழ்ந்துவிட்டால், வருமான அறிக்கை அளித்துத் திரும்பப் பெறலாம்.

ஊதியத்தில் பிடித்த தொகையை அலுவலகம் அரசுக்குச் செலுத்தத் தவறினால் என்ன செய்வது? பிடிக்கப்பட்ட அளவிற்கு அவ்வரியை ஊழியரிடம் மீண்டும் கேட்கலாகாது என்பது சட்டம். ஆனால், பிடிக்கப்பட்டதை மெய்ப்பிக்கும் சான்று அவரிடம் இருக்க வேண்டும். ஊதியச் சீட்டுகளையும், படிவம் 16 என நெடுங்காலமாக அறியப்பட்டுவரும் பிடித்தச் சான்றிதழையும் பாதுகாத்து வைப்பது அதனால்தான் இன்றியமையாததாகிறது.

காரைக்காலுக்கே உரிய ஒரு நிலையையும் குறிப்பிட வேண்டும். இங்குள்ள குடும்பங்கள் சில பிரான்சிலிருந்து ஓய்வூதியமோ வேறு வருவாயோ பெறுகின்றன. அயல்நாட்டு வருவாயில் இந்திய வரியை இங்குப் பிடித்துக் கட்டுவதற்கு ஊதியம் தரும் அலுவலகம் போன்ற இடையாள் பெரும்பாலும் இருப்பதில்லை. எவ்வகை வருவாய்க்கு எந்நாட்டில் வரி என்பதை இந்தியாவும் பிரான்சும் 1992 இல் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை வரையறுக்கிறது. இத்தகையோர் ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டயக் கணக்கரிடம் கலந்து தெளிவு பெறுவது நல்லது.

இரண்டாம் வாய்ப்பு: நான்கு தவணைகள்

வணிகர், மருத்துவர், வழக்கறிஞர், வாடகை பெறுவோர் ஆகியோரின் வருவாய் முழுவதிலும் பிடித்தம் செய்வார் இல்லை. பிடித்தம் போக ஆண்டிற்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி எஞ்சும் எனக் கணித்தால், அவர்கள் முன்வரி செலுத்த வேண்டும். ஜூன் 15 ஆம் நாளுக்குள் 15 விழுக்காடு, செப்டம்பர் 15 க்குள் மொத்தம் 45 விழுக்காடு, டிசம்பர் 15 க்குள் 75 விழுக்காடு, மார்ச் 15 க்குள் முழுத்தொகை என்பது தவணை முறை. வணிக, தொழில் வருவாய் இல்லாத 60 வயது நிறைந்த மூத்த குடிமக்களுக்கு இக்கடமை இல்லை. விற்றுவரவின் குறிப்பிட்ட விழுக்காட்டை ஆதாயமாகக் கொள்ளும் உத்தேச வரித்திட்டத்தைத் தேர்ந்த சிறு வணிகர்கள் முழுத்தொகையையும் மார்ச் 15 க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காரைக்காலில் மருந்துக்கடை நடத்தும் ஒருவர் முறையாகக் கணக்கு எழுதிவருகிறார். வங்கி வட்டி 60,000 ரூபாய் உட்பட அவருடைய 2025-26 ஆம் ஆண்டு வரிக்குரிய வருமானம் 13 இலட்சம் ரூபாய். புதிய வரிமுறையில் 4 முதல் 8 இலட்சம் வரை 20,000, 8 முதல் 12 இலட்சம் வரை 40,000, எஞ்சிய ஒரு இலட்சத்திற்கு 15,000 என வரி 75,000 ரூபாய் ஆகிறது. கூடுதல் தீர்வை 3,000 ரூபாயைச் சேர்த்தால் 78,000. வட்டியில் வங்கி பிடித்த 6,000 ரூபாயைக் கழித்தால் அவர் கட்ட வேண்டியது 72,000 ரூபாய்.

இதனை அவர் ஜூனில் 10,800, செப்டம்பரில் 21,600, டிசம்பரில் 21,600, மார்ச்சில் 18,000 எனப் பகுத்துக் கட்டினால் வட்டி ஏதும் இல்லை. தவணைகளைத் தவறவிட்டு அடுத்த ஜூலையில் மொத்தமாகக் கட்டினால் இருவகை வட்டி சேரும். தவணை தவறியதற்கு முதல் மூன்று தவணைகளுக்கும் தலா மும்மாதம், இறுதித் தவணைக்கு ஒரு மாதம் என, மாதம் 1 விழுக்காடு வீதம் 3,636 ரூபாய் ஆகிறது. நிதியாண்டு முடிந்தபின் ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதங்களுக்கு 2,880 ரூபாய் ஆகிறது. இரண்டும் சேர்ந்து 6,516 ரூபாய். வருமானத்தை மறைக்காத, வரியை ஏய்க்க எண்ணாத ஒருவர் நாளை மறந்ததற்காக மட்டும் இழக்கும் தொகை இது.

தெரிந்து தெளிவோம்
சோழர் ஆட்சியில் வரிக் கணக்குகளைப் பேணிய அரசுத் துறை புரவுவரித் திணைக்களம் எனப்பட்டது. அக்காலக் குடிகள் வரியை நெல்லாகவும் காசாகவும் உழைப்பாகவும் செலுத்தினர். ஊதியமின்றிச் செய்யும் அவ்வுழைப்பு வெட்டி எனக் கல்வெட்டுகளில் குறிக்கப்பெறுகிறது.

மூன்றாம் வாய்ப்பு: தன்மதிப்பீட்டு வரி

நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அதன்பின் ஆண்டின் மொத்த வருமானத்தையும், பிடித்தத்தையும், முன்வரியையும் ஒப்பிட்டு, எஞ்சிய தொகையை வட்டியோடு கட்டுவதே தன்மதிப்பீட்டு வரி. இதனைக் கட்டிய பின்னரே வருமான அறிக்கை அளிக்க வேண்டும். மாத ஊதியம் பெறுவோர் அறிக்கை அளிப்பதற்கான வழக்கமான இறுதி நாள் ஜூலை 31. வரி கட்டுதல் வேறு, அறிக்கை அளித்தல் வேறு. வரியைக் கட்டிவிட்டு அறிக்கையை மறந்தவரும், அறிக்கையை அனுப்பிவிட்டு 30 நாள்களுக்குள் அதனை மின்வழிச் சரிபார்க்கத் தவறியவரும் கடமையை முடித்தவர் ஆகார். காலந்தாழ்ந்து அளிக்கும் அறிக்கைக்கு, வருமானம் 5 இலட்சத்திற்கு மேற்பட்டால் 5,000 ரூபாய் கட்டணம் உண்டு. அதற்கு உட்பட்டால் 1,000 ரூபாய்.

பணம் செல்லும் வாயில்கள்

முன்வரியாயினும் தன்மதிப்பீட்டு வரியாயினும் செலுத்தும் இடம் ஒன்றே. வருமானவரித் துறையின் இணையதளத்தில் உள்ள மின்வழி வரி செலுத்தும் பகுதியில், பான் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் இட்டு, ஒருமுறைக் கடவுச்சொல்லால் உறுதி செய்தால் உள்ளே செல்லலாம். வரியின் வகை, ஆண்டு, தொகை ஆகியவற்றை நிரப்பியதும் சலான் எனப்படும் செலுத்துச்சீட்டு உருவாகும். அதன்பின் ஐந்து வாயில்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவது, இணைய வங்கிச் சேவை. ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி முதலிய அனுமதி பெற்ற வங்கிகளில் கணக்கு வைத்திருப்போர்க்கு இது எளிய வழி.

இரண்டாவது, பற்று அட்டை. இவ்வசதியைச் சில வங்கிகள் நேரடியாக வழங்குகின்றன.

மூன்றாவது, வங்கி முகப்பில் செலுத்துதல். இணையத்தை நம்பத் தயங்குவோர்க்கும் முதியோர்க்கும் இது ஏற்றது. ஆயினும், செலுத்துச்சீட்டை இணையதளத்திலேயே உருவாக்கி அச்சிட்டு, அதில் தேர்ந்தெடுத்த வங்கியின் கிளைக்கே எடுத்துச் செல்ல வேண்டும். காசோலை, வரைவோலை, ரொக்கம் ஆகியவற்றால் செலுத்தலாம். ஒரு செலுத்துச்சீட்டிற்கு ரொக்கம் 10,000 ரூபாயை மிஞ்சலாகாது. நிறுவனங்களும் கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டோரும் இவ்வழியைப் பயன்படுத்த இயலாது.

நான்காவது, நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ் வழி. இணையதளம் தரும் ஆணைப் படிவத்தை எந்த வங்கியில் கொடுத்தும் பணத்தை அனுப்பலாம். அனுமதி பெற்ற வங்கிகளுள் இல்லாத ஒன்றில் கணக்கு வைத்திருப்போர்க்கு இது பயன்படும்.

ஐந்தாவது, கட்டண நுழைவாயில் எனப்படும் இடைநிலைச் சேவை. கடன் அட்டை, பற்று அட்டை, யூபிஐ, பிற வங்கிகளின் இணையச் சேவை ஆகியன இதில் அடங்கும். சில முறைகளுக்கு, சிறப்பாகக் கடன் அட்டைக்கு, சேவைக் கட்டணமும் அதன்மீது சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. யூபிஐ வழியாக வரி செலுத்தும் உச்சவரம்பை ஒரு இலட்சத்திலிருந்து 5 இலட்சம் ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட்டில் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தம் வங்கி அவ்வரம்பை ஏற்றுள்ளதா என முன்னரே கேட்டறிவது நல்லது.

இவற்றுள் எந்த வாயிலையும் குடும்பத்தினர் ஒருவருக்காக மற்றொருவர் பயன்படுத்தலாம். காரைக்காலில் இருக்கும் தந்தையின் வரியைச் சென்னையில் பணிபுரியும் மகள் தம் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். ஆனால், செலுத்துச்சீட்டில் இடம்பெறும் பான் எண் தந்தையுடையதாக இருக்க வேண்டும். யாருடைய பணம் என்பதைத் துறை நோக்குவதில்லை. யாருடைய எண்ணில் வரவு வைப்பது என்பதையே நோக்குகிறது. உருவாக்கிய செலுத்துச்சீட்டு 15 நாள்கள் வரை செல்லும். அதற்குள் பணம் கட்டாவிடில் புதிதாக உருவாக்க வேண்டும்.

மூன்று கட்டங்கள், மூன்று கவனங்கள்

செலுத்துச்சீட்டில் பிழை நேரக்கூடிய கட்டங்கள் மூன்று: பான் எண், ஆண்டு, வரியின் வகை. வகையைக் குறிக்க எண்கள் உண்டு. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முன்வரிக்கு 100, தன்மதிப்பீட்டு வரிக்கு 300, துறை கோரிய வரிக்கு 400 என்பன அவ்வெண்கள்.

ஆண்டைக் குறிப்பதில்தான் இப்போது மிகுந்த விழிப்பு வேண்டும். 1961 ஆம் ஆண்டுச் சட்டம் வருமானம் ஈட்டிய ஆண்டிற்கு அடுத்த ஆண்டை மதிப்பீட்டு ஆண்டு என்றது. அதன்படி 2025-26 இல் ஈட்டிய வருமானத்திற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. வருமானவரிச் சட்டம், 2025 என்னும் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அது மதிப்பீட்டு ஆண்டு என்னும் சொல்லைக் கைவிட்டு, ஈட்டிய ஆண்டையே வரி ஆண்டு என்கிறது. அதன்படி 2026-27 இல் ஈட்டும் வருமானத்திற்கு வரி ஆண்டு 2026-27. ஆகவே, ஒரே எண் இரு சட்டங்களில் இரு வேறு ஆண்டுகளின் வருமானத்தைக் குறிக்கிறது. மருந்துக்கடைக்காரர் 2026 ஜூலையில் முந்தைய ஆண்டின் எஞ்சிய வரியைக் கட்டும்போது, மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பதற்கு மாறாக வரி ஆண்டு 2026-27 என்பதைத் தேர்ந்தால், பணம் அரசிடம் சேர்ந்தும் அவருடைய பழைய கணக்கு தீராது. நிலுவைக் கோரிக்கை வட்டியோடு வந்து நிற்கும்.

பணம் கட்டி முடிந்ததும் இரசீது கிடைக்கிறது. வங்கிக் கிளையைக் குறிக்கும் 7 இலக்க எண், கட்டிய நாள், 5 இலக்க வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்து செலுத்துச்சீட்டின் அடையாள எண் ஆகின்றன. அவ்வெண்ணைக் கொண்டே எந்தத் தொகையும் தேடப்படுகிறது. இரசீதைப் பதிவிறக்கி வைப்பதோடு நில்லாமல், சில நாள்கள் கழித்து இணையதளத்தில் தம் வரிவரவுப் பட்டியலையும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் திறந்து, அத்தொகை ஏறியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆண்டோ வகையோ தவறியிருந்தால், குறுகிய காலத்திற்குள் இணையதளத்திலேயே திருத்தம் கோரலாம். அக்காலம் கடந்தால் வருமானவரி அலுவலரை அணுக வேண்டும்.

கோரிக்கை அறிவிப்பு வந்தால்

துறையிடமிருந்து வரி நிலுவை அறிவிப்பு வந்தால் அஞ்ச வேண்டியதில்லை, புறக்கணிக்கவும் கூடாது. முதலில் அது உண்மையானதா எனப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் துறையின் அறிவிப்புகள் ஆவண அடையாள எண்ணைத் தாங்கி வருகின்றன. அவ்வெண்ணை இணையதளத்தில் இட்டு எவரும் சரிபார்க்கலாம். அடுத்து, கோரப்படும் தொகை சரியா எனத் தம் இரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். சரியெனில் 30 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். தவறெனில் இணையதளத்திலேயே உடன்படவில்லை எனக் காரணத்தோடு விடையளிக்கலாம்.

தொகை சரியானதே, ஆனால் ஒரே முறையில் கட்ட இயலவில்லை எனில், கெடுவுக்குள் வருமானவரி அலுவலருக்கு விண்ணப்பித்துக் கால நீட்டிப்போ தவணையோ கோரலாம். சூழ்நிலைக்கேற்ப அதனை வழங்கும் அதிகாரம் அலுவலருக்குச் சட்டப்படி உண்டு. நீட்டித்த காலத்திற்கு வட்டி தொடரும். ஆயினும், கடன் வாங்கவும் நகை அடகு வைக்கவும் எண்ணும் குடும்பம், அதற்கு முன் இவ்வழியை நாடிப் பார்க்க வேண்டும்.

வரி செலுத்துவோரின் அச்சமும் ஆசையும் ஏமாற்றுவோர்க்கு முதலாகின்றன. கூடுதலாகக் கட்டிய வரி திரும்ப வந்துள்ளது, இந்த இணைப்பை அழுத்துக என்று ஒரு குறுஞ்செய்தி வரும். உடனே கட்டாவிடில் கைது செய்வோம் என்று ஓர் அழைப்பு வரும். திரும்பத் தரும் வரியைத் துறை, முன்னரே சரிபார்த்த வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. அதற்காகக் கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ தொலைபேசியில் கேட்பதில்லை. தனிமனிதரின் யூபிஐ முகவரிக்கு வரி கட்டுமாறு கூறுவதும் இல்லை. பணத்தை இழந்தவர் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்றத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கற்றோர் கடன்

காரைக்காலிலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் திருநள்ளாற்றிலும், பெற்றோர்க்காகவும் தாத்தா பாட்டிக்காகவும் கைப்பேசியில் படிவங்களை நிரப்பித் தருவோர் பெரும்பாலும் அவ்வீட்டு மாணவர்களே. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும், ஆண்டில் ஒரு தெரிவு தவறினாலும், பாதிக்கப்படுவது ஒரு முதியவரின் ஓய்வூதியச் சேமிப்பாக இருக்கலாம். நிரப்பியதை மீண்டும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே பணம் செலுத்துவதும், இரசீதை அச்சிட்டுக் கோப்பில் சேர்ப்பதும் அவர்கள் செய்யத்தக்க உதவிகள்.

வரியின் அளவைச் சட்டம் முடிவு செய்கிறது. அதனைக் கட்டும் காலத்தையும் வழியையும் தேர்ந்துகொள்ளும் உரிமை குடிமக்களிடம் பெருமளவு விடப்பட்டுள்ளது. அவ்வுரிமையை ஜூன் 15 இலேயே பயன்படுத்தத் தொடங்கும் வணிகர், அடுத்த ஜூலையில் வட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை. இரசீதைப் பேணும் முதியவர் எந்த அறிவிப்பு வந்தாலும் கலங்க வேண்டியதில்லை.